போக்கிமான் பிளாக் 2, ஒயிட் 2: எல்லையோரத்தில் இருந்து ஆடத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

தமிழக–கேரள எல்லையில் வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், வாளையார் பக்கத்து வீடுகளில் பழைய நிண்டெண்டோ கருவிகள் இன்னும் நிறையக் கிடக்கின்றன. பெரும்பாலும் கல்ஃபில் இருந்து யாரோ கொண்டுவந்தவை, பிள்ளைகள் வளர்ந்ததும் அலமாரிக்குள் போனவை. அப்படி ஒன்று கைக்குக் கிடைத்து, போக்கிமான் ஆடிப் பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது பிளாக் 2, ஒயிட் 2 என்ற இரட்டை ஆட்டத்தைத்தான். டிஎஸ் காலத்துப் போக்கிமான் ஆட்டங்களில் இவ்வளவு நிறைவானது வேறில்லை என்பது எங்கள் உறுதியான கருத்து.

2010 செப்டம்பரில் ஜப்பானில் வந்த பிளாக், ஒயிட் ஆட்டங்களின் தொடர்ச்சி இது. ஜப்பானில் 2012 ஜூன் 23 அன்றும், மேல்நாடுகளில் அதே ஆண்டு அக்டோபரிலும் வெளியானது. கதை நடப்பது அதே யுனோவா நாட்டில், முந்தைய கதை முடிந்து 2 ஆண்டு கழித்து. முந்தையதை ஆடாமலே இதில் இறங்கலாம், கதை புரியும். ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இது இரண்டு பேர் சேர்ந்து ஆட வேண்டிய ஆட்டம். இணையம் வழியாகப் போக்கிமான் மாற்றிக்கொள்ளும் நிண்டெண்டோ வைஃபை சேவை 2014 மே 20 அன்று நிறுத்தப்பட்டுவிட்டது. இன்று பரிமாற்றத்துக்கு எளிய வழி, ஜோடியின் மற்ற கார்ட்ரிட்ஜை வைத்திருக்கும் ஆள் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான். அதனால் கார்ட்ரிட்ஜ் வாங்கும் முன்பே ஜோடியைப் பிடியுங்கள். அக்கா தம்பியாக இருக்கலாம், மாமன் மகனாக இருக்கலாம், கோவைக்கு ஒரே ரயிலில் கல்லூரிக்குப் போகும் சிநேகிதியாக இருக்கலாம்.

கருவியைச் சரிபார்ப்பது

இந்த ஆட்டம் டிஎஸ், டிஎஸ் லைட், டிஎஸ்ஐ, 3டிஎஸ், 2டிஎஸ் எல்லாவற்றிலும் ஓடும். ஆனால் நாட்டுப் பூட்டு ஒன்று உண்டு. சாதாரண டிஎஸ் ஆட்டங்களுக்கு இந்தப் பூட்டு கிடையாது. பிளாக் 2, ஒயிட் 2 இரண்டும் டிஎஸ்ஐ வசதிகளோடு செய்யப்பட்டவை என்பதால் டிஎஸ்ஐ, 3டிஎஸ், 2டிஎஸ் கருவிகளில் போட்டால் கருவியும் கார்ட்ரிட்ஜும் ஒரே பகுதியைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். அமெரிக்கக் கார்ட்ரிட்ஜ் ஐரோப்பியக் கருவியில் ஓடாது. பழைய டிஎஸ், டிஎஸ் லைட் இரண்டிலும் எந்த நாட்டுக் கார்ட்ரிட்ஜும் ஓடும். கல்ஃபில் வாங்கிய கருவி எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்று ஊகிக்க வேண்டாம், கருவியே சொல்லும். 3டிஎஸ் என்றால் சிஸ்டம் செட்டிங்ஸ் திறந்து, மேல் திரையின் மூலையில் உள்ள பதிப்பு எண்ணைப் பாருங்கள். எண்ணின் கடைசி எழுத்து யு என்றால் அமெரிக்கா, ஈ என்றால் ஐரோப்பா, ஜே என்றால் ஜப்பான். இதைப் பார்க்காமல் கார்ட்ரிட்ஜ் வாங்கிவிட்டுப் பிறகு விற்க அலைவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு.

அடுத்து சார்ஜர். அமெரிக்க சார்ஜரில் உள்ளீடு 120 வோல்ட் என்றும், ஜப்பான் சார்ஜரில் 100 வோல்ட் என்றும் அச்சிட்டிருக்கும். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். பின் மாற்றும் அடாப்டர் போட்டுச் செருகினால் பின் பொருந்தும், வோல்ட் குறையாது, சார்ஜர் கருகிவிடும். இப்படிப்பட்ட சார்ஜர் கையில் இருந்தால் ஓரமாக வைத்துவிட்டு, யூஎஸ்பி சார்ஜிங் கேபிள் ஒன்று வாங்கி, நல்ல ஃபோன் சார்ஜரின் 5 வோல்ட் முனையில் செருகுங்கள். டிஎஸ்ஐ, 3டிஎஸ், 2டிஎஸ் மூன்றுக்கும் ஒரே கேபிள் போதும். டிஎஸ் லைட்டின் துளை வேறு வடிவம், அதற்குத் தனிக் கேபிள் கேட்டு வாங்க வேண்டும். பல வருடம் பெட்டியில் கிடந்த கருவி என்றால் சார்ஜ் போடும் முன் பேட்டரி மூடியைக் கழற்றிப் பாருங்கள். பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடவே கூடாது, புதிதாக மாற்றிவிட வேண்டும்.

கடிகாரத்தையும் ஆட்டம் தொடங்கும் முன்பே திருத்துங்கள். துபாய் நேரத்தில் நிற்கும் கருவி நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கும். இந்த ஆட்டம் கருவியின் கடிகாரத்தைப் பார்த்துத்தான் பகல் இரவையும் பருவத்தையும் முடிவு செய்கிறது. சில போக்கிமான் பகலில் மட்டுமே பரிணமிக்கும், அதாவது அடுத்த உருவத்துக்கு மாறும்.

பருவம் ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் மாறும். ஜனவரி வசந்தம், பிப்ரவரி கோடை, மார்ச் இலையுதிர், ஏப்ரல் குளிர் என்று ஓடி, மே மாதம் மறுபடி வசந்தத்தில் தொடங்கும். பாலக்காட்டுக் கணவாயில் வெயில் கொளுத்தும் ஏப்ரலில் திரைக்குள் பனி கொட்டிக்கொண்டிருக்கும். இது கருவியின் கோளாறு என்று எண்ணிச் சிலர் தேதியை மாற்றிவிடுகிறார்கள். கோளாறு இல்லை, விட்டுவிடுங்கள். பருவத்தைப் பொறுத்துக் கிடைக்கும் போக்கிமானும், போகமுடிகிற சில வழிகளும் மாறும்.

3டிஎஸ்ஸில் டிஎஸ் ஆட்டம் கொஞ்சம் மங்கலாகத் தெரியும். ஆட்டத்தைத் திறக்கும்போது ஸ்டார்ட் அல்லது செலக்ட் பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தால் படம் சிறிதாகி, கூர்மையாக வரும்.

கார்ட்ரிட்ஜ்: அசலா, நகலா

நகல் கார்ட்ரிட்ஜ் சந்தையில் ஏராளம். அசல் பிளாக் 2, ஒயிட் 2 கார்ட்ரிட்ஜுக்குள் இன்ஃப்ராரெட் பகுதி இருக்கிறது. அதற்காகவே அதன் பிளாஸ்டிக் கறுப்பாக, ஆனால் ஒளி ஊடுருவும்படி செய்யப்பட்டிருக்கிறது. ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகவோ ஃபோன் டார்ச்சுக்கு எதிரிலோ பிடித்தால் அடர்சிவப்பாகத் தெரிய வேண்டும். சாம்பல் நிறப் பிளாஸ்டிக்கோ, துளியும் ஒளி விடாத கறுப்போ என்றால் வாங்காதீர்கள். நகலில் இன்ஃப்ராரெட் வேலை செய்யாது, அதோடு பல நாள் உழைப்பில் சேர்த்த சேவ் ஒரு நாள் காணாமல் போகும்.

கார்ட்ரிட்ஜைக் கருவி அடையாளம் காணவில்லை என்றால் உடனே நகல் என்று முடிவு கட்டவும் வேண்டாம். கணவாய்க் காற்று அடிக்கும் மாதங்களில் நம் பக்கம் தூசி எல்லா இடுக்கிலும் புகும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட காது குடைப் பஞ்சால் பின்புறப் பித்தளை நிறக் கோடுகளை மேலிருந்து கீழாக இரண்டு முறை துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகு போடுங்கள். வாயால் ஊதுவது ஈரத்தைத்தான் சேர்க்கும்.

பழைய கார்ட்ரிட்ஜில் முந்தைய ஆளின் சேவ் இருக்கும். ஒரு கார்ட்ரிட்ஜில் ஒரே ஒரு சேவ்தான் நிற்கும், புதிய ஆட்டம் தொடங்க அதை அழித்தாக வேண்டும். தலைப்புத் திரையில் மேல் அம்பு, செலக்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அழிக்கவா என்று கேட்கும். அழிக்கும் முன் உள்ளே ஒருமுறை எட்டிப் பாருங்கள். முந்தைய ஆள் வளர்த்த அரிய போக்கிமான் இருந்தால் ஜோடியின் கார்ட்ரிட்ஜுக்கு மாற்றிவைத்துவிட்டு அழிக்கலாம்.

யார் எதை எடுப்பது

இரண்டின் கதையும் பெரும்பாலும் ஒன்றே. பிளாக் 2-ல் கோதிட்டா, வல்லபி என்ற போக்கிமான்கள் கிடைக்கும். ஒயிட் 2-ல் அவற்றுக்கு ஈடாக சோலோசிஸ், ரஃப்லெட். கதை முடிந்த பிறகு பிளாக் 2 ஆடுபவருக்கு ஜெக்ரோமும், ஒயிட் 2 ஆடுபவருக்கு ரெஷிராமும் லெவல் 70-ல் எதிர்ப்படும். கதையின் கடைசி எதிராளியான சாம்பியனை முதல் முறை வென்றதும் பிளாக் 2-ல் ஆட்டத்தைக் கடினமாக்கும் சாவியும், ஒயிட் 2-ல் எளிதாக்கும் சாவியும் திறக்கும். புதியவர்கள் பலர் எளிய முறை முதலிலேயே இருக்கும் என்று நம்பி ஒயிட் 2 எடுக்கிறார்கள். முதல் ஆட்டத்தை இருவரும் சாதாரண முறையில்தான் ஆடியாக வேண்டும். ஆகவே பிடித்த நிறத்தை எடுங்கள். இருவரும் ஒரே பதிப்பை எடுக்காமல் இருந்தால் போதும்.

போக்கிமான் கோ ஆடிவிட்டு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஃபேரி வகை அப்போது உருவாகவில்லை. டிராகனை அடக்க ஃபேரியைத் தேடாதீர்கள். ஸ்டீல் வகை அன்று இன்னும் வலுவாக இருந்தது, கோஸ்ட், டார்க் அடிகளையும் பாதியாகத் தாங்கும். பிகாசு இந்த ஆட்டத்தில் காட்டில் எங்கும் கிடைக்காது.

தொடக்கம்: ஆஸ்பெர்டியா முதல் முதல் பேட்ஜ் வரை

எழுத்து எல்லாம் ஆங்கிலம். பெயருக்கு 7 எழுத்துதான் இடம். முருகேசன் என்று ஆங்கிலத்தில் எழுதினால் 9 எழுத்து வரும், முருகு என்று வையுங்கள். பிடிக்கும் போக்கிமானுக்கு 10 எழுத்து வரை செல்லப் பெயர் வைக்கலாம்.

ஆட்டம் தொடங்கும் ஆஸ்பெர்டியா ஊரின் மேட்டில் நிற்கும் பியாங்கா என்ற பெண் மூன்றில் ஒன்றை எடுக்கச் சொல்வாள்: ஸ்னைவி புல், டெபிக் நெருப்பு, ஓஷவாட் தண்ணீர். மூன்றும் லெவல் 5. புதியவர்களுக்கு எங்கள் பரிந்துரை டெபிக் அல்லது ஓஷவாட். வழியில் சில ஊர்களில் ஜிம் என்ற சண்டைக்கூடம் உண்டு, அதன் தலைவரை வென்றால் பேட்ஜ் கிடைக்கும். ஸ்னைவியை எடுத்தால் இரண்டாவது ஜிம்மின் விஷமும், மூன்றாவதின் பூச்சியும், ஆறாவதின் பறவையும் அதற்குப் பகை. பிடித்திருந்தால் எடுக்கலாம், ஆனால் கூட வருகிறவர்களை நன்றாக வளர்க்க வேண்டியிருக்கும். ஜோடியில் இருவரும் வேறு வேறு எடுங்கள்.

கையோடு ஆப்ஷன்ஸ் திறந்து எழுத்து வேகத்தை ஃபாஸ்ட்டில் வையுங்கள். பேட்டில் ஸ்டைல் ஷிஃப்ட்டில் இருப்பதை அப்படியே விடுங்கள். எதிராளி அடுத்த போக்கிமானை இறக்கும் முன் நீங்களும் மாற்றிக்கொள்ள அது ஒரு வாய்ப்பு தரும்.

முதல் ஜிம் நீங்கள் கிளம்பும் ஊரிலேயே இருக்கிறது. ஆனால் உடனே நுழைய முடியாது. ரூட் 19 வழியாக ஃப்ளாக்கசி ஊருக்குப் போய், ரூட் 20 தாண்டி ஃப்ளாக்கசி பண்ணையில் காணாமல்போன ஹெர்டியர் என்ற போக்கிமானைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டு, வந்த வழியே ஆஸ்பெர்டியா திரும்ப வேண்டும். ஜிம் கதவு திறக்கவில்லை என்று நிற்பவர்கள் எல்லோரும் பண்ணையைத் தவறவிட்டவர்கள்.

பண்ணையில் அவசரப்படாதீர்கள். இந்த ஆட்டத்தின் பாதி வெற்றி அந்தப் புல்வெளியில்தான் இருக்கிறது. அங்கே மரீப் கிடைக்கும். மின்சார வகை. லெவல் 15-ல் ஃப்ளாஃபியாகவும் 30-ல் ஆம்ஃபரோஸாகவும் மாறி, கடைசி ஜிம் வரை சோறு போடும். அங்கேயே ரியோலுவும் உண்டு. ஆனால் 100 தடவை புல்லில் ஏதாவது வந்தால் அதில் 5 தடவைதான் ரியோலு. சலிக்காமல் நடங்கள். கண்ணில் பட்டதும் செய்ய வேண்டியது இது: லெவல் 6-ஐ எட்டிய ரியோலுவுக்குக் கவுண்டர் என்ற மூவ், அதாவது சண்டை வித்தை, தெரியும், உடலால் அடித்த அடியை இருமடங்காகத் திருப்பித் தரும். அதனால் டாக்கிள் போட்டு அடிக்கும் போக்கிமானின் உயிர் பாதிக்குக் கீழே இருக்கக் கூடாது. ரியோலுவின் உயிர்க்கோடு மஞ்சளுக்கு வந்ததும் அடிப்பதை நிறுத்திப் பந்தை எறியுங்கள். கையில் குறைந்தது 10 போக்கிபால் இருக்கட்டும், ஒன்று 200. மஞ்சளுக்கு வந்த பிறகும் அடித்தால் ரியோலு மயங்கி விழுந்துவிடும், மறுபடி நடக்க வேண்டும்.

பிடித்த ரியோலுவை லெவல் 11 வரை கொண்டுவந்தால் ஃபோர்ஸ் பாம் கற்கும். ஆஸ்பெர்டியா ஜிம்மின் தலைவன் செரென். அவனிடம் இருப்பது முழுக்க நார்மல் வகை: பேட்ராட் லெவல் 11, லில்லிபப் லெவல் 13. ஃபைட்டிங் அடி இருமடங்கு விழும். இங்கே தோற்பவர்கள் ஒரே காரணத்தால்தான் தோற்கிறார்கள். அவன் வொர்க் அப் போட்டு வலுவை ஏற்றிக்கொண்டே போக, இவர்கள் எதிரியின் பாதுகாப்பைக் குறைக்கும் மூவ்களிலும் போஷன் என்ற மருந்திலும் நேரத்தைக் கழிக்கிறார்கள். வொர்க் அப் ஒருமுறை விழுந்ததும் தயங்காமல் அடியுங்கள். ரியோலு கிடைக்கவில்லையா, தொடக்கப் போக்கிமானை லெவல் 14-க்கு ஏற்றிக்கொண்டு போனால் போதும்.

லெவல் ஏற்றுவது பற்றி

புதியவர்கள் தொடக்கப் போக்கிமான் ஒன்றையே வளர்த்து, மற்றவற்றை லெவல் 8-லேயே விட்டுவிடுவார்கள். இந்த ஆட்டத்தில் அது செல்லாது. கிடைக்கும் அனுபவப் புள்ளி, உங்கள் போக்கிமானின் லெவலுக்கும் எதிரியின் லெவலுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. உங்களுடையது உயர உயர, சின்ன எதிரியிடம் கிடைப்பது சொற்பமாகிவிடும். அதே எதிரியைச் சின்னதாக இருக்கும் போக்கிமான் வென்றால் லெவல் மளமளவென்று ஏறும். அதனால் லெவல் 20-ல் நிற்கும் ஒன்றை 25 ஆக்க மெனக்கெடுவதை விட, 12-ல் நிற்பதை 20 ஆக்குவது சுலபம். பின்தங்கியதை வரிசையில் முதலில் நிறுத்தி, சண்டை தொடங்கியதும் வலுவானதை மாற்றி இறக்குங்கள். இரண்டும் புள்ளியைப் பங்கிட்டுக்கொள்ளும்.

நடக்கும்போது ஒரு புல் மட்டும் தனியே சலசலத்து ஆடினால் அதில் போய் நில்லுங்கள். பெரும்பாலும் ஆடினோ வரும். அதிகம் தாக்காது, புள்ளியை அள்ளித் தரும். இதைவிட நல்ல பயிற்சி வழி வேறில்லை. அடர்நிறப் புல்லில் இரண்டிரண்டாக வரும், குழு தயாராக இல்லாமல் அதில் இறங்காதீர்கள்.

மூவ் கற்றுத்தரும் டிஎம் எத்தனை முறை வேண்டுமானாலும் பயன்படும், சேர்த்துவைக்காமல் எல்லோருக்கும் கற்றுக்கொடுங்கள். கட், சர்ஃப், ஃப்ளை போன்ற, பயணத்துக்கு உதவும் எச்எம் மூவ்கள் அப்படி இல்லை. கற்றுவிட்டால் சாதாரணமாக அழிக்க முடியாது. நன்றாகச் சண்டையிடும் போக்கிமானுக்குக் கட் கற்றுக்கொடுத்து ஒரு இடத்தை வீணாக்காதீர்கள். அதற்கென ஒரு சுமைதூக்கியைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். காட்டுப் போக்கிமான் குறுக்கிடாமல் தடுக்கும் ரிபெல் 350 விலை. தீர்ந்ததும் இன்னொன்று போடவா என்று இந்த ஆட்டமே கேட்கும்.

ராக்ஸி: முதல் பெரிய முட்டுக்கட்டை

விர்பேங்க் நகரத்து இரண்டாவது ஜிம்மின் தலைவி ராக்ஸியிடம்தான் புதியவர்கள் அதிகம் கை விடுகிறார்கள். லெவல் 16 கோஃபிங், லெவல் 18 விர்லிபீட். விஷம் ஏற்றுவதும், விஷம் ஏறியவர் மேல் வெனோஷாக் போடுவதும் அவள் வேலை. வெனோஷாக்கின் வலு 65. விஷம் ஏறியிருந்தால் அதுவே இருமடங்கு, 130. அந்தக் கட்டத்தில் 130 வலு தாங்கும் போக்கிமான் உங்களிடம் இருக்காது.

தீர்வு நகருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. விர்பேங்க் காம்ப்ளெக்ஸ் புல்லில் மேக்னமைட் கிடைக்கும். மின்சாரமும் ஸ்டீலும் சேர்ந்தது. ஸ்டீலுக்கு விஷம் ஏறாது, விஷ அடி எதுவும் உறைக்காது. வெனோஷாக் அதன் மேல் பூஜ்யம். லெவல் 16 வரை வளர்த்து இறக்கினால் தண்டர்ஷாக்கிலேயே இரண்டையும் சாய்த்துவிடும். மேக்னமைட் வேண்டாம் என்றால் பெச்சா பழத்தை எல்லோர் கையிலும் கொடுத்து, விஷம் ஏறிய உடனே நீங்கும்படி செய்யுங்கள். இருமடங்கு அடி விழாது.

இங்கே ஜோடி ஆட்டத்தின் பயனைப் பாருங்கள். முதல் பேட்ஜ் வாங்கியதும், இன்னொரு கருவியோடு இணைய உதவும் சி-கியர் கிடைக்கும், பரிமாற்றத்தை அதன் வழியாகச் செய்யலாம். ஒருவர் மரீப் இரண்டு பிடித்தும், இன்னொருவர் மேக்னமைட் இரண்டு பிடித்தும் மாற்றிக்கொண்டால் தேடும் வேலை பாதியாகும். மாற்றி வந்த போக்கிமானுக்கு அனுபவப் புள்ளி ஒன்றரை மடங்கு. ஆனால் அளவுக்கு மீறி வளர்ந்த போக்கிமானை வாங்காதீர்கள். பேட்ஜ் போதாவிட்டால் சொல் கேட்காது: ஒரு பேட்ஜுக்கு லெவல் 20 வரை, இரண்டுக்கு 30 வரை, இப்படி ஒவ்வொன்றுக்கும் 10 கூடும்.

பரிமாற்றம் செய்யும் முறை

கீழ்த்திரையில் சி-கியர் திறந்து இன்ஃப்ராரெட்டைத் தொட்டு, டிரேட் தேர்ந்தெடுங்கள். இரண்டு கருவிகளின் மேல் விளிம்பும், அதாவது கார்ட்ரிட்ஜ் செருகிய பக்கம், ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்க்கும்படி ஒரு சாண் இடைவெளிக்குள் பிடிக்க வேண்டும். நேர் வெயிலில் இன்ஃப்ராரெட் தடுமாறும். ரயில் ஜன்னலோரம் உட்கார்ந்து முயன்று முடியவில்லை என்றால் உள்பக்க இருக்கைக்கு நகருங்கள். கைகள் ஆடும் பஸ்ஸில் யூனியன் ரூம் நல்லது. போக்கிமானுக்குச் சிகிச்சை தரும் போக்கிமான் சென்டரின் மாடியில் இருக்கிறது, வயர்லெஸ் வழி இயங்கும், கருவிகள் நேர்கோட்டில் இருக்கத் தேவையில்லை. பாலக்காடு–கோவை வண்டியில் எதிரெதிர் இருக்கையில் இருந்தே மாற்றிக்கொள்ளலாம்.

பரிமாற்றம் நடக்கும் நேரத்தில் கருவியை அணைக்கவோ மூடவோ கூடாது, பேட்டரி விளக்கு சிவப்பில் இருக்கும்போது தொடங்கவே வேண்டாம். வேலை முடிந்ததும் சி-கியரை அணைத்துவிடுங்கள். வயர்லெஸ் ஓடிக்கொண்டே இருந்தால் சார்ஜ் வேகமாக இறங்கும்.

சில போக்கிமான் கைமாறினால் மட்டுமே பரிணமிக்கும். லெவல் 25-ல் வரும் போல்டோர், கர்டர் இரண்டும் அப்படித்தான். ஹான்டரும் மச்சோக்கும் அதே வகை. அனுப்பி, உருமாறியதும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். காரபிளாஸ்ட், ஷெல்மெட் இரண்டும் ஒன்றுக்கு ஒன்று மாற்றினால்தான் உருமாறும். வேறு எதற்கு மாற்றினாலும் ஒன்றும் நடக்காது.

அடுத்த ஜிம்கள்

காஸ்டீலியாவின் பர்க் பூச்சி வகை, கடைசியாக வரும் லீவனி லெவல் 24. நெருப்புக்கும் பறவைக்கும் அது நான்கு மடங்கு பலவீனம். டெபிக் எடுத்தவர்களுக்கு இது விளையாட்டு. மற்றவர்கள் விர்பேங்க் காம்ப்ளெக்ஸிலேயே குரோலித் ஒன்றைப் பிடித்துவந்திருக்க வேண்டும்.

நிம்பாசாவின் எலெசா கவனம் கேட்பவள். மின்சார வகை என்று நினைத்து ரூட் 4-ல் பிடித்த நில வகைச் சான்டைலை மட்டும் நம்பிப் போனால் அவளுடைய எமோல்கா மேல் நில அடி எதுவும் படாது, அது பறக்கும் வகையும் கூட. எமோல்காவுக்கு உங்கள் ஃப்ளாஃபியை இறக்குங்கள். அதன் மின்சார அடியும் பறவை அடியும் ஃப்ளாஃபி மேல் பாதிதான் விழும், ஃப்ளாஃபியின் அடி முழுதாக விழும். எமோல்கா போனதும் அவளுடைய ஃப்ளாஃபியையும் லெவல் 30 செப்ஸ்ட்ரிகாவையும் சான்டைல் பார்த்துக்கொள்ளும்.

டிரிஃப்ட்வீலின் கிளே நில வகை. தண்ணீர் இருந்தால் கவலையில்லை. புல்லை மட்டும் நம்பியவர்கள் லெவல் 33 எக்ஸ்கட்ரில்லிடம் மாட்டுவார்கள். அது நிலமும் ஸ்டீலும் சேர்ந்தது என்பதால் புல் அடி இருமடங்காகாது. ஸ்கைலாவின் ஸ்வூபேட், ஸ்கார்மரி, ஸ்வானா மூன்றையும் ஆம்ஃபரோஸ் ஒன்றே முடித்துவிடும். டிரேடனின் டிராகன்களுக்கு எதிராக ஸ்டீல் நன்றாகத் தாங்கும், ஆனால் ஃப்ளைகான் நில வகையும் கூட என்பதால் மேக்னட்டான் (மேக்னமைட்டின் அடுத்த உருவம்) குடும்பத்தை அதன் முன் நிறுத்தாதீர்கள். ஹுமிலாவின் மார்லன் தண்ணீர், மறுபடி ஆம்ஃபரோஸ். காரகோஸ்டாவுக்குப் புல் நான்கு மடங்கு.

மேக்னட்டானை மேக்னஸோன் ஆக்க சார்ஜ்ஸ்டோன் குகைக்குள் வைத்து ஒரு லெவல் ஏற்ற வேண்டும். வெளியே எத்தனை லெவல் ஏறினாலும் மாறாது. ரியோலு லூகாரியோ ஆக உங்களோடு நன்றாகப் பழகியிருக்க வேண்டும், பகலில் லெவல் ஏற வேண்டும். அடிக்கடி மயங்கி விழவிட்டால் பழக்கம் குறையும். முன்பு கடிகாரத்தைத் திருத்தச் சொன்னது இதற்காகவும்தான்.

ஜிம்கள் முடிந்து, சாம்பியனுக்கு முன் வெல்ல வேண்டிய எலைட் ஃபோர் நால்வரையும் எந்த வரிசையிலும் சந்திக்கலாம். ஆளுக்கு நான்கு போக்கிமான், லெவல் 56 முதல் 58. கோஸ்ட், டார்க், சைக்கிக், ஃபைட்டிங் என்று நான்கு வகை. சாம்பியன் ஐரிஸின் ஐந்து போக்கிமான் லெவல் 57, ஹாக்ஸோரஸ் 59. இங்கே லூகாரியோ உங்களுக்குத் திருப்பிக் கொடுக்கும் கடன் பெரியது: ஹைட்ரைகனுக்கும் லாப்ரஸுக்கும் ஃபைட்டிங் அடி இருமடங்கு, அக்ரானுக்கு நான்கு மடங்கு. ஆர்க்கியாப்ஸை ஆம்ஃபரோஸ் பார்த்துக்கொள்ளும். ஹாக்ஸோரஸுக்கு மட்டும் பனி அடி ஒன்று தயாராக வைத்திருங்கள். குழு முழுதும் லெவல் 55-ஐத் தொட்டிருந்தால் தைரியமாகப் போகலாம். நால்வரைத் தொடங்கிவிட்டால் நடுவில் சென்டருக்குத் திரும்ப முடியாது. ஹைப்பர் போஷனும் ரிவைவும் வெளியிலேயே வாங்கி நிரப்பிக்கொள்ளுங்கள், ஒவ்வொரு சண்டை முடிந்ததும் சேவ் போடுங்கள்.

சாம்பியனுக்குப் பிறகு: தொடக்கப் போக்கிமான் மூன்றும் இருவர் கையிலும்

முட்டை வைக்கும் டேகேர் ரூட் 3-ல் இருக்கிறது, கதை முடிந்த பிறகுதான் அந்த வழி திறக்கும். தொடக்கப் போக்கிமான் எட்டில் ஏழு ஆணாகத்தான் இருக்கும், அதனால் அதோடு ஜோடி சேர டிட்டோ என்ற போக்கிமான் வேண்டும். ஜயன்ட் கேஸம் குகையில் டிட்டோ பிடியுங்கள். இரண்டையும் டேகேரில் விட்டு, வாசலில் சைக்கிளில் போய்வந்து கொண்டிருந்தால் கிழவர் கூப்பிட்டு முட்டையைத் தருவார். குழுவில் காலி இடம் இருக்க வேண்டும். ஃப்ளேம் பாடி திறன் உள்ள போக்கிமான் ஒன்று கூட இருந்தால் பாதி தூரத்திலேயே பொரியும்.

பொரிக்காமல் முட்டையாகவே மாற்றிக்கொள்ளலாம். ஒருவர் டெபிக் முட்டையும் மற்றவர் ஓஷவாட் முட்டையும் கொண்டுவந்தால் ஒரே பரிமாற்றத்தில் வேலை முடியும், ஏனென்றால் இந்த ஆட்டத்தில் ஒன்றைக் கொடுக்காமல் ஒன்றை வாங்க முடியாது. மூன்றாவதாக ஸ்னைவி வேண்டுமென்றால் அதை வைத்திருக்கும் இன்னொரு ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒருவரிடம் ஒரு முட்டை வாங்கினாலே போதும். அதை வளர்த்து, டிட்டோவோடு விட்டு, ஜோடிக்கு வேண்டிய முட்டையை நீங்களே எடுத்துக்கொள்ளலாம்.